நான்கு கறுப்பு மூலைகள்

சுங்கை சோவிலிருந்து கோலா சிலாங்கூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனாலும் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். நானும் அவளும் மூன்று வருடம் கடிதம் எழுதிக்கொண்டோம். ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. இதை இப்போது யாரிடம் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறார்கள். அவளுக்கு ஒரு அப்பா இருந்தார், எனக்கும் ஒரு அப்பா இருந்தார், வேறு காரணம் இல்லை.

என் அப்பா சுங்கை சோ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. நான் ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கையுறைக்குள் காற்றை அடித்து, ஊதவைத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் எனக்கு வயது பதினெட்டு. ஒரு நாளைக்கு எத்தனை கை என்னைப் பார்த்து விரல் விரித்தது என்று எண்ணினால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் நான் எண்ணவில்லை.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் பேனா நண்பர் பகுதி என்று ஒன்று வரும். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு எழுதி அனுப்பினால் போடுவார்கள். நான் பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘கடிதம் எழுதுதல்’ என்று போட்டேன். அதுவரை நான் யாருக்கும் ஒரு கடிதமும் எழுதியதில்லை. இரண்டு வாரத்தில் ஒரு கட்டுக் கடிதம் வந்தது. தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் ஆபீசுக்கு வந்து, அங்கே கணக்கு எழுதும் கிராணி கையால்தான் வீட்டுக்குப் போகும். கிராணி அந்தக் கட்டை அப்பாவிடம் கொடுத்தார், பால் நிறுக்கிற இடத்தில், எல்லோர் முன்னிலையிலும். ஒன்றைத் தவிர எல்லாமே ஆண்கள் எழுதியவை. எல்லாமே ‘முகமறியா என் இனிய தோழிக்கு’ என்று ஆரம்பித்தன.

“இது ஒண்ணு பொண்ணு பேரா இருக்கு. ஆனா பொண்ணுதானான்னு எப்புடித் தெரியும்?” என்று அப்பா கேட்டார்.

கிராணி கடிதத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். “எழுத்தப் பாத்தா பொண்ணுதான் லா. ஆம்பள இவ்ளோ திமிரா எழுத மாட்டான்.”

அவர் சொன்னது சரிதான். அந்தக் கடிதத்தில் மொத்தம் இரண்டு வரிதான் இருந்தது. ‘உங்கள் பொழுதுபோக்கு கடிதம் எழுதுதல் என்று போட்டிருக்கிறது. எழுதுங்கள், பார்ப்போம்.’ எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

அவள் கோலா சிலாங்கூர் பக்கம் எண்ணெய்க்காகப் போட்ட ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தாள். வெளிக்காட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகையில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான் எனக்கு எழுதுவாள். அதனால் அவள் கடிதங்கள் பாதியில் நின்றுவிடும். ‘ஒன்று எழுந்துவிட்டது’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள். அடுத்த கடிதம் விட்ட வாக்கியத்திலிருந்து ஆரம்பிக்கும்.

முதல் ஐந்தாறு கடிதங்கள் சாதாரணமாகத்தான் போயின. பிறகு நான் நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு கடிதம் எழுதினேன், தாளைத் திருப்பிக்கொண்டே படிக்க வேண்டும். அவள் பதிலுக்குக் கண்ணாடியில் காட்டினால் மட்டும் படிக்க முடிகிற மாதிரி இடவலம் மாற்றி எழுதினாள். அன்றிலிருந்து போட்டி. நான் ரப்பர் இலைகளை மூன்று வாரம் வாளியில் ஊறப்போட்டு, சதை அழுகினதும் தேய்த்துக் கழுவி, நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்க, சாயம் தோய்த்து அனுப்பினேன். அந்த மூன்று வாரமும் எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளில், எலி செத்துக் கிடக்கிறது என்று ஐந்து வீட்டுக்காரர்கள் தேடினார்கள். அவள் தீப்பெட்டிக்குள் சிப்பி வைத்து, ஒவ்வொரு சிப்பியிலும் ஒரு சொல் எழுதி அனுப்பினாள். அடுக்கிப் பார்த்துத்தான் வாக்கியம் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி சிப்பி வழியில் உடைந்துபோனதால் அவள் அன்று என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பழைய நாட்காட்டித் தாளில் உறை செய்வதும் உண்டு. ஒருமுறை மடிப்பில் கணக்குத் தவறி லட்சுமியின் மூக்கு தபால்தலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முத்திரை சரியாக அதன்மேல் விழுந்திருந்ததாம். அவள் அப்பா அந்த உறையைக் கிணற்றில் கரைத்துவிட்டு வந்தார் என்று எழுதியிருந்தாள்.

நான் செய்ததிலேயே பெரியது கையுறைக் கடிதம். கட்டை விரல் கோணலாக வந்ததால் ஒதுக்கிய ஒன்றை எடுத்து, ஊதிக் கட்டி, விரல் விரலாகப் பேனாவால் எழுதி, காற்றை இறக்கி உறைக்குள் போட்டேன். சுருங்கியபோது வெறும் கோடுகள்தான். ஊதினால்தான் எழுத்து விரியும். அவள் கொட்டகைக்குப் பின்னால் நின்று கையுறையை ஊதிக்கொண்டிருந்ததை அவள் அப்பா பார்த்துவிட்டார். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்குக் கடிதம் படிக்கிறேன் என்றாளாம்.

அதற்கு அவள் அனுப்பிய பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. ஒரு வெள்ளைக் கைக்குட்டை. முழுக் கடிதத்தையும் நீல நூலால் தைத்திருந்தாள். முப்பது வரிக்குமேல் இருக்கும். புள்ளிகூட விடாமல் முடிச்சுப் போட்டிருந்தாள். நடுவில் ‘ஒன்று எழுந்துவிட்டது’ என்பதையும் தைத்திருந்தாள். நான் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு எழுதினேன். யாரிடமும் நான் அப்படி ஒப்புக்கொண்டதில்லை.

லயத்தில் எனக்குப் பேச ஆள் இல்லாமல் இல்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு, பின்வீடு எல்லாம் ஆட்கள்தான். ஆனால் அவர்கள் எல்லாம் நான் பிறக்கும்போதே அங்கே இருந்தவர்கள். அவளை மட்டும்தான் நானே தேடிக்கொண்டேன். வேலையில் திட்டு வாங்கினால் அவளுக்கு எழுதுவேன். அம்மாவோடு சண்டை என்றால் இரண்டு பக்கம் கூடுதலாக எழுதுவேன். படம் மட்டும் அனுப்பிக்கொள்ளவில்லை. பார்க்கும்போது பார்த்துக்கொள்வோம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது வருடக் கடைசியில் அவள் கொட்டை எழுத்தில் ஒரு கடிதம் எழுதினாள். வேடிக்கை எதுவும் அதில் இல்லை. ஜொகூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், தை பிறந்தால் கல்யாணம், அதன்பிறகு அவ்வளவு தூரத்திலிருந்து வர விடுவார்களா தெரியாது. ‘போவதற்குள் உன்னை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். ரவாங் வரை கூட்டிவருகிறேன் என்கிறார். நாளும் நேரமும் நீ சொல். பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், வந்துவிடுவேன்.’

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, ரவாங் பஸ் நிலையம், தண்ணிக்கடைப் பக்கம், நான் பச்சைப் பாவாடையில் நிற்பேன் என்று எழுதினேன். விஷயம் இரண்டு வரிதான். ஆனால் முதன்முதலாகப் பார்க்கப்போகிறோம், வெறும் உறையிலா அனுப்புவது? ஆல்பத்தில் படம் நழுவாமல் இருக்க மூலைக்கு மூலை ஒட்டுவார்களே, கறுப்புக் காகித முக்கோணம், அதில் நான்கு வாங்கி உறையின் நான்கு மூலையிலும் ஒட்டினேன். உறையே ஒரு புகைப்படம் மாதிரி இருக்க வேண்டும், படம் இருக்கும் இடத்தில் அவள் பெயர். என் வழக்கமான கையெழுத்தில் எழுதாமல், அச்சடித்த மாதிரி கட்டம் கட்டமாக எழுதினேன். மிக அழகாக இருந்தது. கிராணி கையில் கொடுத்தால் கேலி செய்வார் என்று ரவாங்கில் நானே பெட்டியில் போட்டேன்.

கருமாதிக் கடிதத்துக்கு மூலையில் கறுப்பு மை தடவுவார்கள் என்பது தமிழர்களுக்குத் தெரிந்த விஷயம். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலிலேயே படித்து, வாசலிலேயே கிழித்துப் போட்டு, கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா இந்த வழக்கத்தை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததால், இருபத்தொரு வயதுவரை அப்படி ஒரு கடிதத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே போய் நின்றேன். கோலா சிலாங்கூர் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் அப்பாவோடு இறங்கும் பெண்களைப் பார்த்தேன். மொத்தம் ஏழு பேர் இறங்கினார்கள். அதில் மூன்று பேரைப் பார்த்துச் சிரித்தேன். ஒருத்தி பதிலுக்குச் சிரித்தாள், அவள் அப்பா என்னை முறைத்தார். தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் மூன்று கிண்ணம் குடித்தேன். நான்காவது கேட்டபோது கடைக்காரர், “யாருக்கும்மா காத்திருக்க?” என்று கேட்டார். அது அவருக்குத் தேவையில்லாத விஷயம் என்று சொன்னேன். மூன்றரை மணி பஸ்ஸும் வந்து, காலியாகி, திரும்பிப் போனபிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டேன். வேலை செய்வேன். வந்ததும் வீடு கூட்டினேன், பாத்திரம் தேய்த்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “வந்தாளா அந்தப் பொண்ணு?” என்றார்.

“அவ எனக்குச் செத்துட்டா” என்றேன்.

“சரி, அப்பாவுக்குக் குளிக்கத் தண்ணி காய வை” என்றார் அம்மா.

பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று வருடக் கடிதம் உள்ளே இருந்தது. ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்பில் போட்டேன். கண்ணாடிக் கடிதம், பாதியில் நின்ற கடிதங்கள், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்த கடிதங்கள், எல்லாம் போட்டேன். கைக்குட்டையை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். மாப்பிள்ளை வந்ததும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், அதையும் போட்டேன். துணி உடனே பிடிக்கவில்லை. குச்சியால் தள்ளிவிட வேண்டியிருந்தது. அப்பா குளித்துவிட்டு வந்து, இன்றைக்குத் தண்ணீர் நல்ல பதம் என்றார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம். எங்கள் வீட்டில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வானொலியில் சினிமாப் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்பக்கம் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். அப்போது லயத்து வாசலில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு ஒருவரும், வெளுத்த சேலை கட்டிய ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். அவர் கையில் ஒரு பையில் அரிசியும் காய்கறியும் இருந்தன. அவள் கையில் ஒரு துணி மூட்டை. பிறகு நடந்ததைப் பின்கட்டிலிருந்தே கேட்டேன், விட்டதை அம்மா பின்னால் பலமுறை சொன்னார்.

“தங்கச்சி, காரியம் நடக்குற வீடு இதுதானுங்களா?”

“எந்தக் காரியம்?”

“கருமாதிதான்.”

“இந்த லயத்துல யாரும் சாவலையே. மேல் லயத்துல வேணா கேட்டுப் பாருங்க.”

அவர் கோழிக்கறி வாசனையை ஒருமுறை மூக்கில் இழுத்துவிட்டு, தயங்கி, என் பெயரைச் சொன்னார்.

“அது எம் மவதான்” என்றார் அம்மா.

உடனே அந்தப் பெண் ஓ என்று அழுதுவிட்டாள். மூட்டையை அம்மா கையில் வைத்து அழுத்தினாள். “அம்மா, இதெல்லாம் உங்க மக எனக்கு எழுதுனது. ஒண்ணுகூட விடல. இனிமே அவ கையெழுத்து உங்ககிட்ட இருக்கறதுதான் சரி. நீங்க வச்சுக்குங்க.”

அம்மாவின் ஒரு கையில் கரண்டி இருந்தது. இன்னொரு கையால் மூட்டையை வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, “ஏய், உன்னயப் பாக்கத்தான் வந்திருக்காங்க, வா” என்று கத்தினார்.

நான் விரித்த ஈரத் தலையோடு, பொட்டும் இல்லாமல் வெளியே வந்தேன். அந்தப் பெரியவர் இரண்டு அடி பின்னால் போனார். அவள் போகவில்லை. கால்வாய் ஓரத்துச் சிமெண்டுத் திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள்.

“சூடா இருக்குப்பா” என்று அவள் அப்பாவிடம் சொன்னாள்.

டீ குடித்த பிறகு அவர் விவரம் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கறுப்பு மூலையோடு வந்த உறையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, பின்பக்க முகவரியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிக் கேட்டிருக்கிறார். சுங்கை சோ என்றதும் புரிந்துவிட்டது. மகளின் சிநேகிதி வீடு. வீட்டில் வேறு யாராவது தவறியிருந்தால் அந்தப் பெண்ணே தன் கையெழுத்தில் எழுதியிருப்பாள். அச்சடித்த மாதிரி வேறு எழுத்தில் வந்திருக்கிறது என்றால் தவறியது அவள்தான். அப்படி முடிவு செய்து, நான்காகக் கிழித்து ஓடும் கால்வாயில் போட்டுவிட்டுக் குளித்திருக்கிறார். சாயந்திரம் மகள் வந்து கால்வாயில் தேடியதில் ஒரு மூலை மட்டும் கிடைத்ததாம். பதினாறாம் நாள் எது என்று தெரியாததால் தபாலுக்கு மூன்று நாள், கடிதம் எழுதுவதற்கு இரண்டு மூன்று நாள் என்று கழித்துப் பார்த்து, இந்த ஞாயிறாகத்தான் இருக்கும் என்று கிளம்பி வந்திருக்கிறார்கள்.

“செத்ததா சேதி வந்தா ஆயுசு கூடும்” என்று சொல்லிக்கொண்டே அம்மா உப்பு மிளகாய் சுற்றி எனக்குத் திருஷ்டி கழித்தார். கருமாதிக்கு வந்தவர் கோழிக்கறி சாப்பிடலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. செத்தவளே பரிமாறினால் தோஷமில்லை என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அவள் அப்பா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நாங்கள் இருவரும் முன்னறையில் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் நான் அதிகம் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன். அவள் நான் நினைத்ததைவிடக் குள்ளம். நிறையப் பேசினாள், இடையிடையே என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூட்டையை அவிழ்த்து, என் கடிதங்களை வருட வாரியாக அடுக்கிக் காட்டினாள். கையுறைக்குள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவி வைத்திருந்தாள்.

“சரி, என்னோடத எடு, பாப்போம்” என்றாள். “அந்தக் கைக்குட்டை வச்சிருக்கல்ல? அத ஒரு தடவ பாக்கணும். அது மாதிரி என்னால இன்னொண்ணு தைக்க முடியாது.”

தொழிற்சாலையில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

“அந்தக் கடுதாசியா? போன ஞாயித்துக்கெழம வெந்நீர் அடுப்புல போட்டாளே” என்றார். அம்மாவுக்குப் பொய்யும் தெரியாது, சமயமும் தெரியாது.

அவள் என்னைப் பார்த்தாள். “துணியுமா?”

“ம்.”

“போன ஞாயித்துக்கெழமயா?” என்று மறுபடி கேட்டாள். “அன்னிக்கு நான் சோறு திங்கல.”

“நீ வரலன்னு கோவம்” என்றேன். “மணிக்கணக்கா நின்னேன். அதான்.”

“நான் வரலன்னா, எனக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு நீ நெனக்கலியா?”

நான் நினைக்கவில்லை. அவ்வளவு நேரம் நின்றதில் ஒரு நிமிஷம்கூட எனக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ்ஸைத் திட்டினேன், மாப்பிள்ளையைத் திட்டினேன், அவளைத் திட்டினேன். அவளுக்கு என்னவோ என்று ஒரு தடவை நினைத்திருந்தால்கூட அன்று அடுப்புப் பக்கம் போயிருக்க மாட்டேன். இதைச் சொன்னால் சரியாகிவிடுமா என்று தெரியவில்லை.

அவள் சண்டை போடவில்லை. கடிதங்களை மறுபடி அடுக்கி, கையுறையை மேலே வைத்து, துணியால் கட்டினாள். மூட்டையை அம்மாவிடம் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் அப்பா சொன்னதும் எழுந்தாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாள்.

அவள் கல்யாணத்துக்கு எனக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. போனேன். அதன்பிறகு நான் ஜொகூருக்குக் கடிதம் எழுதினேன். இலை, வண்ணம், மடிப்பு என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து, நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டு எழுதினேன். அவள் ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் போடாமல் இருந்ததில்லை. ஆனால் எல்லாம் அஞ்சலட்டை. உறை கிடையாது. மழை பெய்கிறது, வீட்டில் எல்லோரும் சுகம், பிள்ளைக்குச் சளி, உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல். எரித்தாலும் நஷ்டமில்லாத மாதிரி எழுதினாள். எதுவும் பாதியில் நின்றதில்லை.

அத்தனை அட்டைகளையும் வைத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தவறவில்லை. எடுத்துப் படிக்கத்தான் அவற்றில் ஒன்றுமில்லை.